வெள்ளியங்கிரியின் மாமிச விரதம்

ஒரு காட்டில் வெள்ளியங்கிரி என்றொரு காட்டெருமை இருந்தார். முழங்காலுக்குக் கீழே நாலு கால்களும் வெள்ளை வெளேரென்று இருந்ததால் அந்தப் பெயர். முழங்காலுக்கு மேலேயும் அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதி வயிறு.

அவருக்கு ஒரு குறையும் இல்லை. பாவாத்தாள் என்று ஒரு மனைவி, இருபத்தைந்து உருப்படி சொந்தபந்தம், ஓடைக்கரையில் ஒரு புல்வெளி. காலையில் புல், மத்தியானம் புல், சாயங்காலம் மூங்கில் தழை, நடுநடுவே அசை. இப்படியே பதினான்கு வருஷம் நிம்மதியாகப் போயிருந்தது. அந்த நிம்மதியை ஒரு போட்டோ கெடுத்தது.

காட்டில் ஒரு மரத்தில் கேமரா கட்டியிருந்தார்கள். குறுக்கே யார் போனாலும் அது தானாகப் படம் எடுக்கும். வெள்ளியங்கிரி போனார். சும்மா போயிருந்தால் பரவாயில்லை. கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, எதிர் மரத்தில் கழுத்தைத் தேய்த்துச் சொறிந்துகொண்டார். அந்தப் படம் எப்படியோ காட்டின் வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது. காட்டில் ஏது போன் என்று கேட்கக் கூடாது. மலைப்பாதையில் கார் கண்ணாடியை இறக்கிவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்கள் இருக்கும் வரைக்கும் குரங்குகளிடம் போன் இருக்கும். குரங்குகளிடம் இருந்தால் எல்லாரிடமும் இருக்கும்.

படத்துக்குக் கீழே முதலில் ஒரு முயல் எழுதியிருந்தது: "சூப்பர் வியூ! இது எந்தப் பாறை?"

ஒரு மயில் பதில் போட்டிருந்தது: "வடக்கே இருக்கிற வழுக்குப்பாறைன்னு நினைக்கிறேன்."

"போன வருஷம் குடும்பத்தோட ஏறினோம். மேலேயிருந்து பார்த்தா ஓடை தெரியும்" என்று ஒரு மலை அணில்.

வெள்ளியங்கிரி இதை மூன்று தடவை படித்தார். குளம்பு பட்டால் திரை நகராது என்பதால் அவர் நாக்கால்தான் போன் பார்ப்பார். அப்படி நக்கி நக்கிப் படித்ததில் மலை அணிலின் வரிக்கு அவரே ஒரு லைக்கும் போட்டுவிட்டார். அதை எடுக்கத் தெரியவில்லை. தன் முதுகில் குடும்பத்தோடு ஏறியவனுக்குத் தானே லைக் போட்டோமே என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண்ணோடு இன்னும் கொஞ்சம் நக்கினார். அப்போதுதான் மிதுனின் வீடியோ வந்தது.

மிதுன் ஒரு மரநாய். 'மாமிசமே மருந்து' என்று ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தான். மீசையை ஒழுங்காக வாரிக்கொண்டு, ஒரு கிளையில் உட்கார்ந்து அவன் பேசினான்: "நண்பர்களே, யானையைப் பாருங்க. வெறும் தழை. நாலாயிரம் கிலோ. சிறுத்தையைப் பாருங்க. வெறும் மாமிசம். அம்பது கிலோ. இடுப்பு இருக்கா, இல்லையா? இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

வெள்ளியங்கிரி யோசித்தார். அவருக்குத் தெரிந்த குண்டர்கள் அத்தனை பேரும் சைவம்தான். யானை, நீர்யானை (கேள்விப்பட்டதுதான்), அவருடைய பெரியப்பா. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார்.

"ஏம்புள்ள, நாளையில இருந்து நான் மாமிசம் மட்டுந்தான் திங்கப்போறேன்" என்றார் மனைவியிடம்.

பாவாத்தாள் அசை போடுவதை நிறுத்தினாள். "யாரோட மாமிசமுங்க?"

இதற்கு வீடியோவில் பதில் இல்லை.

"அதெல்லாம் போகப்போகச் சொல்லித் தருவாங்க. மொதல்ல மனசுல முடிவு பண்ணோணும்."

"உங்களுக்கு மேல் வரிசையில முன்பல்லே கெடையாதுங்களே."

"பல்லு முக்கியமில்ல. வைராக்கியந்தான் முக்கியம்."

"வைராக்கியத்த வெச்சு எலும்பக் கடிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள். "நம்ம கூட்டத்துல கன்னுக்குட்டிக இருக்குதுங்க. நீங்க பசியில ஒரு மாதிரியாப் பாத்தீங்கன்னா..."

"ச்சே! சொந்தக்காரங்களையெல்லாம் திம்பனா?"

"என்ற கூடப்பொறந்த தம்பிய?"

"மாட்டேன்" என்றார் வெள்ளியங்கிரி. ஆனால் அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அந்தக் காட்டில் நினைத்த மாத்திரத்தில் உணவை மாற்றிக்கொள்ள முடியாது. அதற்கு ஒரு பதிவகம் உண்டு. அங்கே இரண்டு பதிவேடுகள். ஒன்றில் தழையுண்ணிகள், இன்னொன்றில் ஊனுண்ணிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் படிவம் எழுதி, வரிசையில் நின்று, குமாஸ்தா ஆமையிடம் கொடுக்க வேண்டும். ஆமை நல்ல மாதிரிதான். ஆனால் அது ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கொம்பு ஒரு விரற்கடை வளர்ந்துவிடும்.

வெள்ளியங்கிரி ஆறு நாள் நின்றார். ஏழாவது நாள் அவர் முறை வந்தது.

"எடை?"

"எழுநூறு கிலோங்க."

ஆமை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் பார்த்தது. அதற்கே பத்து நிமிஷம் ஆனது.

"தொள்ளாயிரத்தி அம்பதுங்க" என்றார் வெள்ளியங்கிரி.

"கோரைப்பல்?"

"இல்லீங்க."

"நகம்?"

"குளம்புதானுங்க."

"கர்ஜனை?"

வெள்ளியங்கிரி வயிற்றை எக்கி, கண்ணை மூடி, தன்னால் முடிந்தமட்டும் கர்ஜித்தார். அது 'ம்ம்ம்பா' என்று முடிந்தது. ஆமை சட்டென்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பயத்தாலா, எச்சில் தெறித்ததாலா என்று தெரியவில்லை. வெளியே வந்ததும் 'உண்டு' என்று எழுதிக்கொண்டது.

"இதுவரை கொன்றவர்கள் எத்தனை பேர்?"

"மிதிச்சதச் சேத்துக்கலாங்களா?"

"வேணும்னே மிதிச்சதா, தெரியாம மிதிச்சதா?"

"ஒரு தவளைங்க. தெரியாமத்தான். நான் அழுதுட்டேனுங்க."

"அழுகைக்குப் படிவத்துல இடமில்ல" என்று சொல்லிவிட்டு ஆமை 'ஒன்று' என்று போட்டது. தழையுண்ணிப் பதிவேட்டில் அவர் பெயரைக் கோடு போட்டு அடித்தது. ஒரு சிவப்பு வில்லையை எடுத்து அவர் காதில் மாட்டியது. கையில் ஒரு அட்டையும் கொடுத்தது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பதினோரு விதிகள் இருந்தன. எல்லாரையும் போல வெள்ளியங்கிரியும் அதைப் படிக்கவில்லை.

மறுநாள் காலையில் மிதுன் நேரிலேயே வந்தான். வாயில் ஒரு இலைப் பொட்டலம். மலை மேல் இருந்த ஒரு விடுதியின் சமையலறைக் கூரையிலிருந்து அவன் எடுத்து வந்த கருவாடு.

"மான் கீன் ஒண்ணுமில்லீங்களா?" என்றார் வெள்ளியங்கிரி. உள்ளூர அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

"புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதான் நல்லது சார். இது ஓடாது."

வெள்ளியங்கிரி முகர்ந்து பார்த்தார். அவருடைய வெள்ளைக் கால்கள் நான்கும் தாமாகவே ஒரு அடி பின்வாங்கின. வைராக்கியத்தை வரவழைத்துக்கொண்டு, நாக்கால் ஒரு துண்டைச் சுருட்டி உள்ளே போட்டார். கடிக்க முடியவில்லை. அப்படியே விழுங்கினார். ஒரு துண்டு, இரண்டு துண்டு, ஏழு துண்டு. கடைசித் துண்டு உள்ளே போனதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா புள்ள? முடிஞ்சுது!"

முடியவில்லை. அவருக்கு இருப்பது நாலு வயிறு என்பதையும், முதல் வயிறு தனக்குப் பிடிபடாத எதையும் இன்னொரு தடவை மென்று அனுப்பச் சொல்லி மேலேயே திருப்பி அனுப்பும் என்பதையும் அந்த உற்சாகத்தில் அவர் மறந்துவிட்டார். சரியாக அரைமணி நேரத்தில் கருவாடு வாய்க்குத் திரும்பி வந்தது. மென்றார். கீழே அனுப்பினார். மறுபடி வந்தது. உலகத்தில் ஒருவர் கருவாட்டை ஒரு தடவை தின்றால் ஒரு தடவைதான் தின்ன வேண்டும். வெள்ளியங்கிரி அதே ஏழு துண்டுகளை மத்தியானத்துக்குள் நாலு தடவை தின்றார்.

பாவாத்தாள் தன் படுக்கையை மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொண்டாள். "கோவமெல்லாம் இல்லீங்க. காத்து இந்தப் பக்கமா அடிக்குது" என்றாள்.

வெள்ளியங்கிரி மிதுனுக்குக் குரல் செய்தி அனுப்பினார். வயிறு மத்தளம் மாதிரி உப்பியிருக்கிறது, தலை சுற்றுகிறது, ஏப்பம் விட்டால் பக்கத்து மரத்துப் பறவைகள் இடம்பெயர்கின்றன.

"சூப்பர் சார்!" என்று பதில் வந்தது. "கொழுப்பு கரையுது, அதோட அறிகுறிதான். விட்றாதீங்க."

அவர் விடவில்லை. இரண்டாம் நாளும் கருவாடு. மூன்றாம் நாள் காலையில் புதருக்கு அந்தப் பக்கம் பாவாத்தாள் புல் மேயும் சத்தம் கேட்டது. சரக், சரக், சரக். பதினான்கு வருஷமாக அவர் காதில் விழுந்துகொண்டே இருந்த சத்தம்தான். இத்தனை நாள் அதை அவர் ஒரு தடவைகூடக் கவனித்துக் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொரு சரக்குக்கும் வாயில் எச்சில் ஊறி முழங்கால் வரைக்கும் வடிந்தது.

"கொஞ்சம் நடந்துட்டு வர்றேன் புள்ள" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, யார் கண்ணிலும் படாத இடமாகத் தேடி மேட்டுப் புல்வெளிக்குப் போனார்.

மேட்டுப் புல்வெளி என்பது அந்தக் காட்டிலேயே சொகுசான இடம். முட்டியளவு இளம்புல், பக்கத்திலேயே சுனை. ஆனால் எப்போதும் கூட்டம். அறுபது புள்ளிமான்கள் அங்கே நிரந்தரமாக இருக்கும். போனால் ஓரமாக நின்று நாலு வாய் மேயலாம், அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் புதரை விலக்கிக்கொண்டு வெளியே வந்ததும் ஒரு மான் தலையைத் தூக்கியது. அவர் காதைப் பார்த்தது. சிவப்பு வில்லை. காற்று அந்தப் பக்கமாக வீசியது. கருவாடு.

"ஊனுண்ணி!"

அறுபது மான்களும் நாலா பக்கமும் சிதறின. கூட்டத் தலைவரான கிழக் கலைமான் மட்டும் ஓடுவதற்கு முன் ஒரு கணம் நின்று, "வெள்ளியங்கிரி, நாம ஒரே சுனையில தண்ணி குடிச்சவங்கப்பா!" என்று கத்திவிட்டு ஓடினார்.

வெள்ளியங்கிரிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. 'அண்ணே, நில்லுங்க! நான் புல்லு திங்கத்தான் வந்தேன்!' என்று கத்த வாயெடுத்தார். ஆனால் அதைச் சொன்னால் விரதத்தை முறித்துவிட்டார் என்று காடு முழுக்கத் தெரிந்துவிடும். சொல்வதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, எடுத்த வாய் அதுபாட்டுக்குக் கீழே இறங்கி மேயத் தொடங்கிவிட்டது. அப்புறம் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அழுதுகொண்டே தின்றார். தின்றுகொண்டே அழுதார். சுமார் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அழுகை நின்றது. மேய்ச்சல் நிற்கவில்லை.

வாய் நிறையப் புல்லோடு தலையை நிமிர்த்தியபோது எதிரே புலி நின்றுகொண்டிருந்தது.

அந்தக் காட்டில் ஒரே ஒரு புலிதான். எல்லாரும் அவரைப் புலியார் என்பார்கள். அவர் பதுங்கவில்லை, அவசரப்படவில்லை. பத்தடி தூரத்தில் நின்று, எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று வெள்ளியங்கிரியை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளியங்கிரியின் நாலு வயிறும் ஒரே சமயத்தில் கீழே இறங்கின. ஓட நினைத்தார். இரண்டு நாள் கருவாட்டில் கால்கள் பலமிழந்திருந்தன. பாவாத்தாளிடம் 'நடந்துட்டு வர்றேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோமே, இன்னும் கொஞ்சம் நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார்.

புலியார் உடம்பைத் தாழ்த்தினார். பாயப்போகும் நேரத்தில் அவர் மூக்கு சுளித்தது.

"என்ன நாத்தம் இது?"

"க... கருவாடுங்க."

"நீங்க எதுக்குக் கருவாடு தின்னீங்க?" என்று கேட்டவர் அப்போதுதான் அந்தச் சிவப்பு வில்லையைப் பார்த்தார். பாய்வதற்காகக் குவிந்திருந்த உடம்பு மெல்லத் தளர்ந்தது. "அட்டை வெச்சிருக்கீங்களா?"

வெள்ளியங்கிரி அட்டையை நீட்டினார். புலியார் அதைத் திருப்பி, பொடி எழுத்தை முகத்துக்கு அருகே வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "விதி ஐந்து. பதிவுபெற்ற ஊனுண்ணி, பதிவுபெற்ற மற்றொரு ஊனுண்ணியை உண்ணலாகாது. மீறினால் பதிவு ரத்து செய்யப்படும்." பெருமூச்சு விட்டார். "ஒரு தடவை ஒரு சிறுத்தை விஷயத்துல எனக்கு ரத்தாயிருச்சு. மறுபடி பதிய அந்த ஆமைகிட்ட பதினோரு நாள் வரிசையில நின்னேன். பதினோரு நாள்! அதுக்கு நான் பட்டினியே கிடப்பேன்."

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலில் திடீரென்று ஒரு தோழமை வந்துவிட்டது.

"அப்புறம் சகா? இன்னைக்கு என்ன சாப்பாடு?"

"ரெண்டு மானுங்க" என்றது வெள்ளியங்கிரியின் வாய். மூளைக்கு அதில் பங்கில்லை.

"ரெண்டா!" புலியாரின் கண்ணில் மரியாதை தெரிந்தது. பிறகு கண்ணைச் சுருக்கினார். "வாயோரத்துல என்னமோ பச்சையா இருக்கே?"

வெள்ளியங்கிரி நாக்கை நீட்டி வாயோரத்தை ஒரு தடவை நக்கிக்கொண்டார்.

"அது அந்த மானோட வயித்துக்குள்ள இருந்ததுங்க."

புலியார் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார். "குடலைக்கூட விடறதில்லையா நீங்க? நாங்கெல்லாம் அதை ஒதுக்கிருவோம். பெரிய ஆள்தான்." போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அந்தப் பார்வையில் கொஞ்சம் பயம்கூட இருந்தது.

செய்தி அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் காடு முழுக்கப் பரவிவிட்டது. புலி நேருக்கு நேர் வந்தும் வெள்ளியங்கிரியைத் தொடவில்லை. மாமிச விரதம் இருந்தால் புலி தொடாது. மிதுன் உடனே ஒரு வீடியோ போட்டான். "மூணே நாள்! சாரோட உடம்புல வந்த மாற்றத்தைப் பார்த்துப் புலியே பயந்து போயிருச்சு!"

மறுநாள் காலையில் பதிவகத்தின் முன்னால் வரிசை ஓடை வரைக்கும் நின்றது. முதலில் முயல்கள். அப்புறம் மலை அணில்கள். அறுபது புள்ளிமான்களும் கிழக் கலைமானின் தலைமையில் வந்து நின்றன. "இதுவரை கொன்றவர்கள்?" என்று ஆமை கேட்க, "கொசுவைச் சேத்துக்கலாங்களா?" என்று எல்லாரும் கேட்டார்கள். சேர்த்துக்கொண்டது. ஆமைக்கு வேலை தாங்காமல் ஒரு உதவி ஆமையும் போட்டார்கள். அது முதல் ஆமையைவிட நிதானம். ஆனாலும் மழைக்காலம் தொடங்குவதற்குள் தழையுண்ணிப் பதிவேட்டில் ஒரு பெயரும் மிஞ்சவில்லை. பாவாத்தாளும் ஒரு வில்லை மாட்டிக்கொண்டாள். "உங்க கொள்கைக்காக இல்லீங்க. காதுக்கு எடுப்பா இருக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் பயப்படவில்லை. மேட்டுப் புல்வெளியில் ஊனுண்ணிகள் நெருக்கியடித்துக்கொண்டு புல் மேய்ந்தார்கள்.

ஒரு நாள் மத்தியானம் புலியார் வெள்ளியங்கிரியைத் தேடி வந்தார். விலா எலும்பு எண்ணும்படி இருந்தது. மிதுன் சொல்லும் இடுப்பு அவருக்கு முழுமையாக வந்துவிட்டது.

"சகா, ஒன்பது நாளா வயித்துல ஒண்ணுமில்ல. யாரைத் துரத்தினாலும் நின்னு அட்டையைக் காட்டறாங்க. நேத்து ஒரு முயல் என்னைப் பார்த்து 'வணக்கம் சகா'ங்குது. நீங்க மட்டும் எப்படி இவ்வளவு திடமா இருக்கீங்க? எங்கே வேட்டையாடறீங்க?"

வெள்ளியங்கிரி அப்போது ஆயிரத்து நூறு கிலோ இருந்தார். புலியாரின் ஒட்டிய வயிற்றைப் பார்க்க அவருக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சொன்னால் அடுத்த கணம் என்ன ஆகும் என்பதும் தோன்றியது. கொம்பால் மேற்கே காட்டினார்.

"அந்த மலைக்கு அந்தாண்ட இன்னொரு காடு இருக்குதுங்க. அங்க இன்னும் பதிவகம் வரலீங்க."

புலியாருக்குக் கண் பனித்தது. "தொழில் ரகசியத்தை யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க சகா" என்று அவர் நெற்றியில் நெற்றியை வைத்து ஒரு முட்டு முட்டிவிட்டு, மலையேறிப் போய்விட்டார். சிறுத்தைகளும் அவர் பின்னாலேயே போய்விட்டன.

இப்படியாக அந்தக் காட்டில் மிதுனைத் தவிர மாமிசம் தின்னும் பிராணி ஒன்றுகூட இல்லாமல் போனதும், ஊனுண்ணிகள் சங்கத்தை விமரிசையாகத் தொடங்கினார்கள். தலைவராக வெள்ளியங்கிரியை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். தொடக்க விழா மேட்டுப் புல்வெளியில் நடந்தது. மிதுன் வரவேற்றுப் பேசினான். வெள்ளியங்கிரி எழுந்து, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "மாமிசந்தானுங்க என்ற வாழ்க்கையவே மாத்திருச்சு" என்று ஆரம்பித்தார். கூட்டம் புல்லை மென்றுகொண்டே ஆரவாரம் செய்தது.

பேசி முடித்ததும் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார்கள். பின் வரிசையில் ஒரு பெண் முயல் தயங்கித் தயங்கி எழுந்து நின்றது.

"தலைவருங்களே, சொல்லவே கூச்சமா இருக்குதுங்க. எங்க வீட்டுக்காரரு போன வாரம், ஆர்வத்துல, நெஜமாவே ஒரு துண்டு மாமிசத்தத் தின்னு போட்டாருங்க. ஒண்ணும் ஆயிராதுங்களே?"

கூட்டத்தில் மெல்லும் சத்தம் அடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் அந்த முயலிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். வெள்ளியங்கிரி அதைக் கனிவோடு பார்த்தார். தானும் ஒரு காலத்தில் அந்தத் தப்பைச் செய்தவர்தானே.

"மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தானுங்க தோணும்" என்றார். "போனது போச்சு. இனிமேலாச்சும் விரதத்த ஒழுங்காக் கடப்புடிக்கச் சொல்லுங்க."

நீதி: மாமிச உணவுமுறை உயிரைக் காக்கும். நடுவில் மாமிசத்தைத் தின்று அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.